சிங்கப்பூரில் அவசரமில்லாத ஒரு நாள்: குமரி மாவட்டத்திலிருந்து முதன்முறை செல்வோருக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பயண முகவரிடம் சென்று சிங்கப்பூர் என்று சொன்னால், மூன்று பகல்களுக்குள் பத்துப் பன்னிரண்டு இடங்களை அடைத்து வைத்த அட்டவணை ஒன்று கைக்கு வந்துவிடும். அதில் தவறில்லை, ஆனால் அந்த அட்டவணைப்படி சுற்றி வருபவருக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்பது பேருந்து இருக்கையும் நுழைவுச்சீட்டு வரிசையும்தான். கன்னியாகுமரிக்குப் பேருந்தில் வந்திறங்கி, படகுத்துறை வரிசையில் நெடுநேரம் நின்று, பாறையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, வட்டக்கோட்டைப் பக்கம் எட்டியும் பாராமல் திரும்பிப் போகும் கூட்டத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்; அயல்நாட்டில் நாமும் அப்படி ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே, உங்கள் பயணத்தில் ஒரே ஒரு நாளையாவது முகவரின் அட்டவணையிலிருந்து விடுவித்து, நடந்தும் ரயிலில் ஏறியும் நீங்களே பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது என்பதே இக்கட்டுரை: காலையில் தோட்டம், நண்பகலில் பழைய நகரம், வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு கூரையின் கீழ், மாலையில் விரிகுடா. இவ்வளவையும் நீல நிறத் தடம், பழுப்பு நிறத் தடம் என்ற இரண்டே ரயில் தடங்களில் முடித்துவிடலாம்.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், புறப்படும் நாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா கிடைத்த பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கிறது: சிங்கப்பூர் வருகை அட்டை என்னும் மின்படிவத்தை, சென்றிறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது; பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியைக் கட்டும்போது நேந்திரம் சிப்ஸ் கொண்டுபோவதில் தடையில்லை. மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் ஆகியவற்றுக்குத் தடை உண்டு. ஊரில் சட்டைப் பையில் கிடந்த பொட்டலம் மறதியால் உடன் வந்தாலும் விளக்கம் எடுபடாது. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவர் சீட்டோடு முன் அனுமதியும் தேவையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. குடை கட்டாயம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை உண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டுவது வழக்கம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனைந்து பழகிய மாவட்டத்தாருக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே சூரியன் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டி எழுந்து மாலை 7 மணியை ஒட்டி மறைவதால், அங்கே விடியும் வேளையில் நம் உடம்பு இன்னும் விடியற்காலை நாலரை என்றே எண்ணிக்கொண்டிருக்கும். இரவு விமானத்தில் வந்திறங்கும் நாளை இந்த உலாவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று தூங்குங்கள், மறுநாள் கிளம்புங்கள்.

தங்குமிடமும் ரயில் அட்டையும்

லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டி அறை எடுத்தால் இந்த நாளுக்கு எல்லாம் எளிதாகிவிடும். நீலத் தடம் அவ்வழியே செல்கிறது, இட்லியும் தோசையும் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன, சிராங்கூன் சாலையில் தமிழிலேயே விலை கேட்கலாம். தமிழ் அங்கே நான்கு அதிகாரபூர்வ மொழிகளுள் ஒன்று என்பதால் ரயில் நிலையப் பலகைகளிலும் தமிழைக் காண்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பகுதி தொழிலாளர் கூட்டத்தால் நிரம்பி வழியும். ஊர்க்காரர் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் அந்நாள் மிக நல்லது, ஓய்வாக நடக்க வேண்டுமென்றால் வாரநாளே நல்லது.

ரயிலுக்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. தொடுமுறைப் பணம் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை நுழையும்போது ஒருமுறையும் வெளியேறும்போது ஒருமுறையும் வாயிலில் தொட்டால் போதும். வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர்க் காசு (சென்ட்) கூடுதலாகப் பிடிப்பார்கள். ஊரில் இருக்கும்போதே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடுமுறைப் பயன்பாட்டையும் திறந்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாயிலில் பின்னால் நிற்பவர்கள் பொறுமையோடு காத்திருக்க நீங்கள் மட்டும் வியர்க்க நேரும். ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். அட்டை இல்லாத பெற்றோருக்கு நிலையத்திலேயே பயண அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக் கொடுக்கலாம். ரயிலுக்குள் உண்பதும் குடிப்பதும் தண்டனைக்குரியவை. தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் என்றாலும் வெளியே வந்து குடியுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் வெறும் புட்டி ஒன்று கையில் இருந்தால் நாள் முழுவதும் தண்ணீருக்குச் செலவில்லை.

காலை: தாவரவியல் தோட்டம்

எட்டு மணிக்குள் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, நீலத் தடத்தில் புக்கிட் பாஞ்சாங் திசையில் செல்லும் ரயிலில் ஏறி, மூன்றாவது நிறுத்தமான தாவரவியல் தோட்டத்தில் இறங்குங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரேயே தோட்டத்தின் வடக்கு வாயில். காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. 1859இல் அமைக்கப்பட்ட இத்தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. வடக்கு வாயிலில் நுழைந்து தெற்கே டாங்லின் வாயிலில் வெளியேறுவதுதான் நம் திட்டம். ஆங்காங்கே உட்கார்ந்து நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சுற்றி வந்து அதே வாயிலில் வெளியேற முயன்றால் கால்கள் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடும்.

இந்தத் தோட்டத்தைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள் பெரும்பாலும் ஆர்க்கிட் மலர்களோடு நின்றுவிடுகின்றன. குலசேகரத்திலிருந்தோ அருமனையிலிருந்தோ வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. பிரேசில் காட்டு மரமாகிய ரப்பரின் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அக்கன்றுகளில் சில 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மட்டும் சாய்வாகக் கீறி, அதே கீறலின் ஓரத்தை அடுத்தடுத்த முறைகளில் மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை இத்தோட்டத்தில்தான் வகுத்தார். அதற்கு முன் காட்டில் பால் எடுத்தவர்கள் மரத்தைக் கண்டபடி வெட்டிக் காயப்படுத்தினார்கள், மரமும் நீடிக்கவில்லை. ரிட்லி விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தோட்ட முதலாளிகளிடம் நடச்சொல்லி வற்புறுத்தியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்திருக்கிறார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையில் கத்தியை இழுத்து, வழிந்து வரும் பாலுக்குக் கீழே சிரட்டையைத் திருப்பி வைக்கும் நம் ஊர்ப் பால்வெட்டுத் தொழிலாளியின் கையசைவுக்கு இங்கே ஒரு மூலம் இருக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய பாரம்பரிய அருங்காட்சியகத்தில் இக்கதையைப் பார்க்கலாம்; அதற்கும் கட்டணமில்லை, குளிர்சாதனமும் உண்டு.

வழியில் ஆர்க்கிட் தோட்டம் வரும். அதற்கு மட்டும் தனிக்கட்டணம். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோகிம் உட்பட எண்ணற்ற வகைகள் அங்கே உள்ளன. மலர்ப்பிரியர்கள் தயங்காமல் போகலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும் இஞ்சித் தோட்டத்தைச் சுற்றி வந்தால் போதும் என்பது என் கருத்து. இஞ்சியும் மஞ்சளும் ஏலமும் வாழையும் உறவினர்கள் என்பதை ஒரே இடத்தில் இலை இலையாக ஒப்பிட்டுப் பார்க்க அது வசதியானது. அதை அடுத்து 6 ஹெக்டேர் பரப்புள்ள பழைய மழைக்காடு ஒன்று நகரத்தின் நடுவிலேயே காக்கப்பட்டு வருகிறது. மரப்பாலம் போட்ட பாதையில் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

தெற்கு வாயிலை நெருங்கும்போது, புல்வெளியில் வேலியிட்ட ஒரு டெம்புசு மரம் நிற்கும். தரையை ஒட்டிக் கிடைமட்டமாக நீண்டு சென்று பிறகு மேலே எழும் அதன் கிளையை ஒருமுறை பார்த்துவிட்டு, பையிலிருந்து 5 வெள்ளித் தாளை (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்) எடுத்துத் திருப்பிப் பாருங்கள்; தாளில் இருப்பது அந்த மரமேதான், அந்தக் கிளையோடு. பிள்ளைகளை அழைத்து வந்திருந்தால் தாளை அவர்கள் கையில் கொடுத்து மரத்தை அவர்களையே தேடச் சொல்லுங்கள். அருகிலுள்ள அன்ன ஏரிக்கரையில் உடும்பு குறுக்கே போனால் அஞ்சவேண்டாம், அதற்கு உணவு போடவும் வேண்டாம்.

நண்பகல்: மேக்ஸ்வெல்லும் தெலுக் ஆயரும்

டாங்லின் வாயிலுக்கு அருகில் நேப்பியர் நிலையம். அங்கே பழுப்புத் தடத்தில், ஆர்ச்சர்ட் வழியாகச் செல்லும் திசையில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் மேக்ஸ்வெல். இங்கே நேரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த நாளில் கடிகாரத்தைப் பார்த்து நடக்கவேண்டிய இடங்கள் இரண்டே, அவற்றுள் இது முதலாவது. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் நடை நண்பகல் 12 மணிக்குச் சாத்தப்பட்டு மாலை 6 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், பதினொன்றேகாலுக்குள் மேக்ஸ்வெல் வந்துவிடுங்கள்.

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இது. சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்னும் தமிழர் முன்னின்று 1827இல் மரத்தாலும் ஓலையாலும் எழுப்பிய சிறு கோயிலே பின்னாளில் இக்கட்டடமாயிற்று. அதே சாலையில் சில அடி தொலைவில் பச்சை நிறக் கோபுரங்களோடு நிற்பது, தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல். இவையிரண்டும் இருக்கும் பகுதிக்குப் பெயர் சைனாடவுன் என்பது முதன்முறை வருபவரைச் சற்றுத் திகைக்கவைக்கும்.

உணவுக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி. பக்கத்து அலுவலகங்களிலிருந்து கூட்டம் பன்னிரண்டரைக்குமேல் பெருகும், அதற்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. ஆளில்லாத மேசையில் ஒரு கைக்குட்டைத்தாள் பொட்டலம் மட்டும் கிடந்தால், அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்; அதை யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து நகர்த்திவைத்து உட்காராதீர்கள். நீங்களும் அப்படியே ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு உணவு வாங்கப் போகலாம். சாப்பிட்டபின் தட்டை அதற்குரிய அடுக்கில் கொண்டுபோய் வைப்பது 2021 முதல் கட்டாயம். கடைக்காரர்களிடம் சில்லறைத் தாள்களாக ரொக்கம் கொடுப்பதே எளிது. ஹைனான் கோழிச்சோறு இவ்வங்காடியின் பேர்பெற்ற உணவு. நம் நாக்குக்கு முதல் வாயில் சப்பென்று இருந்தாலும், உடன் தரும் மிளகாய்ச் சட்டினியையும் இஞ்சியையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும். ஹலால் உணவு வேண்டுவோர் கடையில் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சைவர்கள் எதிரேயுள்ள புத்தர் பல் கோயிலின் அடித்தளத்தில் இருக்கும் சைவ உணவுக்கூடத்துக்குப் போகலாம். அங்கே தட்டில் வருவது பார்வைக்கு இறைச்சிபோலவே இருக்கும். சோயாவும் கோதுமைப் புரதமும்தான், பதறவேண்டாம்.

தேநீரைப் பற்றி ஒரு குறிப்பு. தே என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பால் ஊற்றிய, மிகுந்த இனிப்புள்ள தேநீர் வரும். தே ஓ என்றால் பாலில்லாத கட்டன் சாயா. தே சி என்றால் சர்க்கரை சேராத ஆவிப்பாலும் தனிச் சர்க்கரையும். தே ஓ, தே சி என்பவற்றின் பின்னால் கோசோங் என்று சேர்த்துச் சொன்னால் சர்க்கரை போடமாட்டார்கள்; வெறும் தேயில் ஊற்றும் கெட்டிப்பாலிலேயே சர்க்கரை இருப்பதால் அதற்கு இது பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போவது பல இடங்களில் உதவும்.

உண்ட பிறகு பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் தெரு. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை இருப்பதால், மழையானாலும் வெயிலானாலும் நடக்கலாம். அங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். இன்று வானளாவிய கட்டடங்களின் இடுக்கில் கிடக்கும் இத்தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலை மண்ணிட்டு நிரப்பும் வரை கடற்கரையாக இருந்தது. கப்பலில் வந்து உயிரோடு கரையேறியவர்கள் முதலில் தம் தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடங்கள் வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். கடலோடிகளைக் காக்கும் மாசு என்னும் பெண்தெய்வத்துக்குச் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹாக் கெங் கோயிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பிய தர்காவும் ஒரே தெருவில் உள்ளன. அல் அப்ரார் பள்ளிவாசலும் அங்கேதான். ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப்பள்ளி என்று தமிழில் வழங்கப்பட்டது. முட்டம், குளச்சல், கடியப்பட்டணம் போன்ற கரையூர்களில் பிறந்தவர்கள் இத்தெருவில் நின்று கடல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கோயில்களின் வாசல் நோக்கியிருக்கும் திசையே விடை.

பிற்பகல்: இரண்டு வழிகள்

மணி ஏறத்தாழ இரண்டு ஆகியிருக்கும். வயதான பெற்றோரோடு வந்திருப்பவர்கள் தெலுக் ஆயர் நிலையத்திலேயே நீலத் தடத்தில் ஏறி, ஆறாவது நிறுத்தமான லிட்டில் இந்தியாவில் இறங்கி, அறையில் மூன்று மணி நேரம் படுத்தெழுந்து, மாலை ஆறு மணிக்குமேல் அதே தடத்தில் விரிகுடாவை ஒட்டிய பேஃபிரன்ட் நிலையத்துக்கு வரலாம். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. சுற்றுலா நாளில் பகலில் தூங்குவது பணத்தை வீணாக்குவது என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். தூங்காத பெற்றோரை இரவு ஒளிக்காட்சிக்கு அழைத்துப்போய் பார்த்தால் வேறுபாடு புரியும்.

மற்றவர்கள் ஆற்றை நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால் 1869இல் கட்டிய கவனா பாலம் வரும். அதன் முகப்பில் பழைய காவல்துறை அறிவிப்பு ஒன்று இன்னும் இருக்கிறது: சரக்கோடு சேர்த்து 3 ஹண்டிரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 150 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளுக்கும், மாடு குதிரைகளுக்கும் பாலத்தில் அனுமதி இல்லை. நாம் நடந்தே கடக்கலாம். மறுகரையில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் பிற்பகல் வெயிலையும் மழையையும் கழிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்த வழியில் இல்லை. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு, சீனக் கிண்ணங்கள் கிண்ணங்களாக, ஒரு கூடம் நிறைய வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாக் கூடங்களையும் பார்க்க முயலாமல் அந்த ஒன்றை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தாலே போதும்.

மாலை: விரிகுடாவைச் சுற்றி

வெயில் தாழ்ந்ததும் ஆற்றின் முகத்துக்கு வாருங்கள். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை 8.6 மீட்டர் உயரமுள்ளது. 1972இல் நிறுவி, 2002இல் இப்போதைய இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். திருவள்ளுவர் சிலையின் 133 அடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சிறிதாகத்தான் தெரியும். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். அங்கிருந்து ஜூபிலி பாலம், முள்முள்ளாகக் கூரை வேய்ந்த எஸ்பிளனேட் கலையரங்கம், முறுக்கிய எஃகுக் குழாய்களால் ஆன ஹெலிக்ஸ் பாலம் என்று நீரோரமாகவே நடந்து விரிகுடாவின் மறுபக்கம் சேர்வதுதான் மாலையின் சிறந்த பகுதி. வழியெங்கும் உட்கார இடமுண்டு; ஏழு மணியை ஒட்டி எங்கேனும் உட்கார்ந்தால் எதிர்க்கரைக் கட்டடங்களில் ஒவ்வொரு தளமாக விளக்கேற்றுவதைப் பார்க்கலாம்.

கடிகாரம் பார்க்கவேண்டிய இரண்டாவது நேரம் இது. மெரினா பே சாண்ட்ஸ் என்னும் பெரிய விடுதியின் முன்னுள்ள நீர்முகத் திடலில் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நீரும் ஒளியும் கலந்த காட்சி, கட்டணமில்லை. எட்டு மணிக் காட்சியைப் பார்த்துவிட்டு, கட்டடத்தின் பின்புறமுள்ள மேம்பாலம் வழியே விரிகுடாத் தோட்டங்களுக்குள் சென்றால், 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்த செயற்கைப் பெருமரங்கள் 8.45 மணிக்கு இசைக்கேற்ப ஒளிரும் காட்சி; அதற்கும் கட்டணமில்லை. நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பையில் ஒரு துண்டோ பழைய செய்தித்தாளோ இருந்தால் மரங்களின் அடியில் தரையில் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அங்குள்ள கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் கணிசமானது. மலையும் அருவியும் அமைத்த மேகக்காட்டுக் கூடம் அழகானதே என்றாலும், திற்பரப்பில் குளித்து வளர்ந்தவர்கள் மழை பெய்தால் ஒதுங்கும் இடமாக மட்டும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

காட்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குப் போவார்கள் என்பதால் பத்து நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள். பேஃபிரன்டில் நீலத் தடத்தைத் தேடி, காலையில் பார்த்த அதே புக்கிட் பாஞ்சாங் பலகையுள்ள நடைமேடையில் ஏறினால் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. இரவு பத்து மணி ஆனாலும் சிராங்கூன் சாலைப் பக்கம் சூடான பரோட்டாவோ தோசையோ கிடைக்கும். விலைப்பட்டியலில் கூட்டல் குறி இரண்டு போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் தனியே சேரும் என்பதை அறிந்துகொண்டு உட்காருங்கள்.